மனுவும் மன்றமும்

குறையுடையார் தம் குறையை, அதனைத் தீர்க்கும் பொறுப்புடையார்பால் எடுத்துரைத்தல், மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் வழங்கிவரும் முறையாகும். வாயாற் கூறின் அது முறையீடு. எழுதிக் கொடுப்பின் விண்ணப்பம். இக்காலத்தார் அதனை மனு என்பர்; பலர் கூடிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதனை மகஜர் என்றும் வழங்குவர். ஊராட்சி, நகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மனுச் செய்தலையும், அவற்றின் சிறப்புக் கூட்டத்தை வேண்டிப் பெறுதலையும் குறித்து யாம் எண்ணிய சிலவற்றை இம்மலரின் வாயிலாக நண்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இஃதென்ன வேலை என்று சிலர் வினவலாம். மனு எழுதுவது தமிழில். கூட்டத்திற் பேசுவது தமிழில். தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதும் தமிழே. ஆதலின் இது நம் வேலையே என்பது எம் கருத்து.

இலக்கியம் பயில்வோர்க்கு மனு புதிய பொருளுமன்று. புறநானூற்றின் 35-ஆம் பாட்டு, சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது. நிலத்தின்மேல் நின்ற பழைய வரிக்கடனை நீக்குமாறு வேண்டிப் பெற்ற பாட்டு அஃது என்பதனை அதன் அடிக்குறிப்பால் அறிகின்றோம். புலவர் வெறும் புகழ்மாலை சூட்டினாரல்லர். வேந்தன் குடை வெயிலை மறைக்க எடுத்ததன்று, குடிகளுக்கு நிழல் தர எடுத்தது என்றும், படையின் வெற்றியும் உழுபடையின் பயனே என்றும் காரணங் காட்டி வேண்டுகின்றார். சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ பாண்டியன் அவையிற் புகுந்து, கையிலிருந்த ஒற்றைச் சிலம்பையே சான்றாக வைத்து வழக்குரைத்தாள். சிறு வயதில் யாம் ஞாயிறு பள்ளியிற் கேட்ட உவமையொன்றும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. அஞ்சாத நீதிபதியிடம் கைம்பெண் ஒருத்தி விடாது சென்று முறையிட்டு நியாயம் பெற்றாள் என்பது அது. இம்மூவர்பாலும் பொதுவாகக் காணப்படுவது ஒன்றுண்டு. மூவரும் ஆளனுப்பவில்லை, தாமே சென்றனர். எழுதிக் கொடுப்பது செயலின் முற்பாதியே. மன்றத்திற் சென்று அமர்வது அதன் பிற்பாதி. இதனை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இனி, மன்றங்களின் பழமையைச் சிறிது நோக்குவோம். திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரில், ஏறக்குறையக் கி.பி. 800-இல் பொறிக்கப்பெற்ற பாண்டியர் கல்வெட்டு ஒன்றுளது. சபையில் எடுத்த பொருளுக்கெல்லாம் மறுப்புக் கூறிக் காரியத்தைத் தடுப்போர் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அதிற் கண்ட விதிகளுள் ஒன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுக்கள், முப்பது குடும்புகளினின்றும் குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துக் கூறுகின்றன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதொழிந்தாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு உரியரல்லர் என்ற விதியைப் படிக்குந்தோறும் நாம் பெருமிதமடைகின்றோம். ஆயினும் மெய்யை மறைத்தல் தகாது. அச்சபையில் இடம்பெற நிலமும், மனையும், வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. உழுத கைகளுக்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை. இன்று வாக்காளர் பட்டியலிற் பெயருடைய ஒவ்வொருவரும், பதினெட்டு நிரம்பிய இளைஞரும், கூலி வேலை செய்யும் மூதாட்டியும், கிராம சபையின் உறுப்பினரே. முன்னோர் மன்றத்தினும் இன்றைய மன்றம் அகன்றது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மனுவே மக்களின் முதற் கருவியாக இருந்தது. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் தோற்றுவித்த சென்னைவாசிகள் சங்கம் 1852-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தது. வரி தண்டுவோர் குடியானவரைச் சித்திரவதை செய்தனர் என்ற குறை அதன் பின்னர் எங்கும் பேசப்பட்டது. 1854-இல் விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் வெளிவந்த அதன் அறிக்கை அக்கொடுமை உண்மையே என்று ஒப்பியது. ஸ்தல ஸ்தாபனங்களின் வரலாறும் இக்காலத்திலேயே தொடங்குகின்றது. எம் மாவட்டத் தலைநகராகிய திண்டுக்கல் 1866-இல் நகராட்சியாயிற்று. 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தலத்தார் தம்மைத் தாமே ஆளப் பழகுதற்கு வழி வகுத்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் வழி வந்ததே இன்றைய கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என நான்கு நாட்களிற் கூடிவந்த சபைக்கு மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாட்கள் பின்னர்ச் சேர்க்கப்பெற்றன. இவையன்றித் தனிப்பட்ட காரணம் நேருங்கால் சிறப்புக் கிராம சபையும் கூட்டப்படுவதுண்டு. கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு ஒன்றுண்டு. மக்கள் தொகை 500 வரையுள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேற்படின் 300 பேர் வந்திருத்தல் வேண்டும். நகரங்களின் நிலை வேறு. அங்கே பேசுவோர் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர். மன்ற உறுப்பினருள் மூன்றிலொரு பங்கினர் நோக்கத்தைக் குறித்து எழுதிக் கேட்பின், தலைவர் கூட்டம் கூட்டல் வேண்டும் என்பது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே கண்ட முறையாகும். பதினெட்டு உறுப்பினர் உள்ள மன்றமாயின் அறுவர் போதும். ஆகவே நகரத்தார் தம் மனுவைத் தலைவருக்கு மட்டும் கொடுத்து வாளாவிருத்தலைவிடத் தம் வார்டு உறுப்பினரையும், பக்கத்து வார்டு உறுப்பினரையும் கண்டு அறுவரைத் திரட்டுதல் பயன்தரும். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபை என்னும் பெயரால் மக்கள் கூட்டம் கூடத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இவ்வளவும் நூலிற் கற்கத்தக்கவை. இனி யாம் கண்கூடாகக் கற்றதனைக் கூறுவோம்.

எம் ஊர் ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்று, பெயர் வேண்டா. தக்காளி, முருங்கை, கத்தரி, மிளகாய் பயிரிட்டு, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அனுப்பிப் பிழைப்பவர் எம்மவர். அச்சந்தையினின்றும் எம் ஊர்க் காய்கள் மலை கடந்து கேரளத்து அடுக்களை வரை செல்கின்றன. ஆனால் எம் காட்டினின்றும் தார்ச்சாலை வரை செல்லுதலே அவற்றிற்கு அரிதாக இருக்கின்றது. இடையில் ஓர் ஓடை, அதன்மேற் பாலமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் அளவு நீர் ஓடுங்கால் வண்டி அக்கரையிலேயே நின்றுவிடும். பெண்டிர் தக்காளிப் பெட்டியைத் தலையிற் சுமந்து நீரைக் கடப்பர். சிறு பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாது வீட்டில் இருப்பர்.

2023-இல் எம் ஊரார் இதற்கொரு மனு எழுதினர். அதன் முதற் பத்தி முழுமையும் வாழ்த்து. அடுத்துப் பதினொரு குறைகள்: தெருவிளக்கு, குடிநீர், இடுகாட்டுப் பாதை, நூலகம் எனத் தொடர்ந்து, ஒன்பதாவதாக ஓடைப் பாலம் நின்றது. கொடுத்தமைக்குச் சீட்டு வாங்கவில்லை, படியும் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று திங்கள் கழித்து வினவியபோது அத்தாளைக் காணவில்லை என்று கூறினர். அலுவலகத்தின் பிழை ஒரு பங்கு. எம் பிழை மற்றொரு பங்கு.

2024-இல் யாம் பதினெட்டு நிரம்பிக் கிராம சபை உறுப்பினரானோம். தமிழ் படிக்கச் செல்லும் பிள்ளை என்பதனால் அடுத்த மனுவை எழுதும் பணி எம்மீது விழுந்தது. கிணற்றுக் கயிற்றைக் கொண்டு ஓடையின் அகலத்தை அளந்தோம், இருபத்திரண்டு அடி. முந்தைய மழையில் எத்தனை நாள் பள்ளி தவறியதென்று பிள்ளைகளை வினவினோம். ஒன்பது நாள் என்றனர். பாலம் ஒன்றனையே பொருளாக வைத்து, இதனை ஆராயச் சிறப்புக் கிராம சபை கூட்டுமாறு ஒரு பக்கத்தில் எழுதினோம். 112 பேர் கையொப்பமிட்டனர். இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்றோம். தலைவரும் மறுக்காது நாள் குறித்தார்.

குறித்த நாளில் விடுதியினின்றும் ஊருக்கு ஓடி வந்தோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்திருந்தது. எம் ஊருக்கு வேண்டிய குறைவெண் 100. பிற்பகல் ஒரு மணி வரை காத்திருந்தும் வந்தவர் எம்மோடு 64 பேர். செயலர் புத்தகத்தை மூடினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வீடு திரும்புங்கால் அதிகாரிகளையும் அரசையும் மனத்துள் வைதுகொண்டே நடந்தோம். இரவில் மனுவின் படியை எடுத்து, வந்தோர் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எமக்கு நாணம் உண்டாயிற்று. கையொப்பமிட்ட 112 பேருள் வந்தவர் 41 பேரே. எம் வீட்டில் நால்வர் கையொப்பமிட்டிருந்தனர். வந்தவர் யாம் ஒருவரே. எம் அத்தையாரிடம் காரணம் வினவினோம். "கையெழுத்துத்தான் போட்டாயிற்றே, இன்னும் நான் எதற்கு?" என்றார். சற்றுப் பொறுத்து, "பறிப்புக்குப் போகாவிட்டால் அன்றைக் கூலி யார் தருவார்?" என்றும் கேட்டார். முதல் வினாவிற்கு விடை கூற எம்மால் இயன்றது, இரண்டாவதற்கு இயலவில்லை. நாள் குறித்தபோது அது பறிப்பு நாள் என்பதை எம்முள் ஒருவரும் எண்ணவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் வழக்கமான கிராம சபை. அதற்கு முன் இரண்டு மாலைகளில் வீடு வீடாகச் சென்றோம். தோட்டக்காரரிடம், அன்று நண்பகல்வரை பறிப்புக்கு ஆள் அழைக்க வேண்டாவென்று வேண்டினோம், பெரும்பாலோர் இசைந்தனர். அன்று வந்தவர் 137 பேர். பாதிக்கு மேற்பட்டோர் பெண்டிர். யாம் எழுதிவைத்திருந்த சொற்பொழிவு வேண்டப்படவில்லை. எம் அத்தையார் எழுந்து, சென்ற கார்த்திகையில் பெட்டியோடு தாம் ஓடையில் விழுந்ததையும், அன்றைய காய் முழுதும் நீரோடு போனதையும் நான்கு வாக்கியத்திற் கூறி அமர்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிப் புத்தகத்தில் ஏறிற்று. எழுதியதை உரக்கப் படிக்குமாறு கேட்டு, அகலமும் இடமும் சரியாக இருக்கக் கண்ட பின்னரே கலைந்தோம்.

பாலம் வந்ததோ என்று நண்பர்கள் வினவுவீர்கள். இன்னும் வரவில்லை. பொறியாளர் ஒருவர் வந்து அளந்து சென்றார். அவர் கணக்கில் ஓடை இருபத்துமூன்று அடி. இதற்கிடையில், 2019 டிசம்பரில் நடந்த தேர்தலால் அமைந்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிவுற்றது. எம் ஊர்த் தலைவர் பதவி நீங்கினார். தனி அலுவலர் பொறுப்பேற்றார். தலைவர் வாயாற் கூறிய உறுதிகள் அவரோடு போயின. புத்தகத்தில் எழுதிய தீர்மானமோ இருந்த இடத்திலேயே இருந்தது. புதியவர் அதனைப் படித்து, "இது என்னாயிற்று?" என்று தாமே வினவினார். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்தும் கிராம சபை உண்டு. அஃது ஊராரே ஆதலின் அதற்குக் காலம் முடிவதில்லை. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது அந்த ஓடையே.

மனுவினாலும் மன்றத்தினாலும் ஆவதொன்றில்லை என்பாரும் உளர். அவர்க்கு யாம் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியைக் காட்டுவோம். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் உடைய அவ்வூர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஈராண்டு கழித்து 2024 நவம்பரில், அவ்வூரையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் வெட்டும் உரிமை ஏலத்தில் ஒரு நிறுவனத்திற்குச் சென்றது. அம்மாதம் 23-ஆம் நாள் கூடிய கிராம சபையில் ஊரார் அதனை எதிர்த்துத் தீர்மானம் இயற்றினர். டிசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றமும் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7-ஆம் நாள் பல்லாயிரவர் மதுரை நோக்கி நடந்தனர். அதே மாதம் 23-ஆம் நாள் நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கிவிட்டது. தீர்மானம் மட்டும் இதனைச் செய்தது என்று கூறோம். ஆயினும், பின்னர் நடந்தனவற்றிற்கெல்லாம் ஊர் ஒன்றாக நிற்கின்றது என்பதற்குச் சான்றாக முதலில் நின்றது அத்தீர்மானமே. ஒடிசாவின் நியமகிரி மலையிலும், உயர்நீதித் தலைமை மன்றத்தின் ஆணைப்படி 2013-இல் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கத்தை வேண்டாவென்றன, சுரங்கம் நின்றது.

எம் பட்டறிவிற் கண்ட சிலவற்றை நண்பர்கட்குக் கூறி முடிப்போம்.

முதலாவது, ஒரு மனுவில் ஒரு பொருளே இருத்தல் வேண்டும். பதினொன்று கேட்பவன் ஒன்றும் கேளாதவனாகிறான். இரண்டாவது, இடம், அளவு, நாள், இழப்பு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கண்ணகியின் கையிற் சிலம்பு இல்லையேல் அவள் அழுகை மட்டுமே எஞ்சியிருக்கும். மூன்றாவது, "அடியேன்" என்றும் "பாதம் பணிந்து" என்றும் எழுதும் வழக்கத்தை நாம் விட்டொழித்தல் வேண்டும். வணக்கம் வேண்டும், தாழ்வு வேண்டா. உரிமையுடையதைக் கேட்பவர் இரப்பவரல்லர். நான்காவது, படியும் சீட்டும் இன்றி மனுக் கொடுத்தலாகாது. ஊராட்சியில் விடை கிடையாதாயின், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு அச்சீட்டோடு செல்லலாம். ஐந்தாவது, சிறப்புக் கூட்டம் வேண்டுவோர், உழைப்பாளர் கூலியிழவாமல் வரத்தக்க நாளையும் வேளையையும் தாமே ஆய்ந்து மனுவிலேயே குறித்தல் வேண்டும். ஏழை வரவில்லை என்று பழித்தல் எளிது. அவர் வரத்தக்கதாக நாள் அமைத்தல் அரிது. அரியதே நம் கடமை.

எம் தக்காளியை வாங்கும் கேரளத்தில், கிராம சபை உறுப்பினருள் பத்திலொரு பங்கினர் பொருளைக் குறித்து எழுதிக் கேட்பின் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும் என்று அந்நாட்டு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவுறக் கூறுகின்றது. இத்தகைய உரிமை எங்கும் ஐயமற எழுதப்படுதலும், எழுதப்பட்டது ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பெரிய எழுத்திற் பொறிக்கப்படுதலும் நன்று.

நண்பர்காள்! விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்குச் செல்கின்றோம். அங்கே எழுதத் தெரியாத காரணத்தால் கூறப்படாதிருக்கும் குறைகள் பல. நாம் கற்ற தமிழால் அவற்றுள் ஒன்றனையேனும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்போமாக. கொடுத்ததோடு நில்லாது, கூட்டத்திற்கு நாமும் சென்று, பக்கத்து வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்வோமாக. வருகின்ற ஜனவரி 26-ஆம் நாள் யாம் எம் ஊர் வேப்பமரத்தடியில் இருப்போம். அன்று யாம் கேட்கவிருக்கும் வினா ஒன்றே: ஓடைப் பாலம் என்னாயிற்று? எம் அத்தையாரும் உடன் வருவதாகக் கூறியிருக்கின்றார்.